கிழித்துப் போட்டால் தீர்ந்ததா?

கடலை வாங்கித் தின்ற பிறகு, பொட்டலம் கட்டிய தாளைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. பெரும்பாலும் பழைய செய்தித்தாளோ, யாரோ ஒரு மாணவனின் கணக்கு நோட்டோ கிடைக்கும். சில வேளைகளில் அது ஓர் அலுவலகக் கோப்பின் பக்கமாக இருந்துவிடும். ஒருவரின் பெயர், முகவரி, சம்பளம், கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். அதை எடைக்குப் போட்டவர் அலுவலக ஊழியர், வாங்கியவர் பழைய பேப்பர் கடைக்காரர், பொட்டலம் மடித்தவர் கடலை விற்பவர், படித்தவன் நான். இந்த நால்வரில் தவறு யாருடையது?

விளையாட்டான கேள்வி என்று தோன்றும். ஆனால் ஏறக்குறைய இதே கேள்வி அமெரிக்காவில் ஒரு பெரிய நிதி நிறுவனத்தின் முன் வைக்கப்பட்டபோது, அதற்குக் கிடைத்த விடையின் விலை ஒரு தவணையில் 6 கோடி டாலர். அடுத்த தவணையில் 3 கோடியே 50 லட்சம் டாலர்.

“உங்கள் ஆவணங்களையும் கணிப்பொறித் தகவல்களையும் பாதுகாப்பாக அழித்துத் தருகிறோம்” என்று பலகை மாட்டி நடத்தப்படும் தொழில் ஒன்று இன்று உலகின் பல நாடுகளில் இருக்கிறது. பார்வைக்கு எளிய தொழில். பொருளை வாங்க வேண்டியது, தூளாக்க வேண்டியது, கூலி பெற வேண்டியது. ஆனால் அதைச் சுற்றிச் சட்டம் பின்னியிருக்கும் வலை எளிதானதன்று. அந்த வலை எப்படி உருவாயிற்று என்பதைத்தான் இங்கே காணப் போகிறோம்.

நறுக்கிய தாள் ஒட்டிக்கொண்ட கதை

காகிதத்தை நறுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற முன்னோடி, நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த அபட் அகஸ்டஸ் லோ என்பவர். 1909 ஆகஸ்டு 31-ல் அவருக்கு அந்த உரிமை கிடைத்தது. அலுவலகக் காகிதம் மறுபடி பயன்படாதபடியும், யாரும் படிக்க முடியாதபடியும் ஆகிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். இயந்திரம் விற்பனைக்கு வரவேயில்லை. 1912-ல் லோ இறந்துபோனார்.

கால் நூற்றாண்டுக்குப் பின், ஜெர்மனியில் பாலிங்கன் என்ற ஊரில் அடால்ப் எகிங்கர் என்பவர் 1935 வாக்கில் இப்படி ஒரு கருவியைச் செய்தார். நாஜி ஆட்சிக்கு எதிரான அச்சுத் தாள்கள் அவர் வீட்டுக் குப்பையில் கிடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார் என்றும், அந்த அச்சத்தில் பிறந்ததே இக்கருவி என்றும் சொல்வார்கள். வடிவத்துக்கு அவருக்கு வழிகாட்டியது சமையலறையில் மாவுத் தகட்டை நாடா நாடாவாக நறுக்கும் கைச்சுற்று இயந்திரம். பின்னர் மின்மோட்டார் பொருத்தப்பட்டு, அலுவலகங்களுக்கும் தூதரகங்களுக்கும் அது பரவிற்று.

நாடா நாடாவாக நறுக்கினால் போதும் என்றுதான் உலகம் நீண்ட காலம் நம்பிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கையைக் குலைத்தது டெஹ்ரான். 1979 நவம்பர் 4-ல் ஈரானிய மாணவர்கள் அங்கிருந்த அமெரிக்கத் தூதரகத்துக்குள் நுழைந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் இரகசியத் தாள்களை அவசர அவசரமாக இயந்திரத்தில் கொடுத்து நீள நீளக் கீற்றுகளாக்கிக்கொண்டிருந்தார்கள். கீற்றுகள் குவியலாகக் கிடந்தன. அவற்றைப் பொறுமையாக வரிசைப்படுத்தி ஒட்டத் தொடங்கினார்கள். கம்பளம் நெய்பவர்களின் கை இதில் உதவியது என்று ஒரு செய்தி உண்டு. நூலுக்கு நூல் சேர்த்துப் பழகிய கைக்குக் காகிதக் கீற்று எம்மாத்திரம்? இப்படி மீட்ட ஆவணங்களும், முழுதாகக் கிடைத்தவையும் பின்னர் 50-க்கும் மேற்பட்ட தொகுதிகளாக அச்சாகி வெளிவந்தன.

கிழக்கு ஜெர்மனியின் இரகசியக் காவல் அமைப்பான ஸ்டாசியின் கதை இதற்கும் மேலானது. 1989-ன் இறுதியில் ஆட்சி ஆட்டம் கண்டபோது, மக்களைப் பற்றித் தொகுத்து வைத்திருந்த கோப்புகளை அழிக்க ஸ்டாசி முற்பட்டது. இயந்திரங்கள் ஈடுகொடுக்கவில்லை, ஊழியர்கள் கையாலேயே கிழித்தார்கள். மக்கள் அலுவலகங்களுக்குள் புகுந்து தடுத்து நிறுத்தியபோது ஏறத்தாழ 16,000 சாக்குகள் கிழிந்த தாளால் நிரம்பியிருந்தன. 1995 முதல் அவற்றைக் கையால் ஒட்டினார்கள். 2007-ல் பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனம் கணிப்பொறியைக் கொண்டு ஒட்டும் முயற்சியைத் தொடங்கிற்று. பல்லாண்டு உழைத்தும் பெரும்பாலான சாக்குகள் பிரிபடாமலே தங்கிவிட்டன. கையால் கிழித்த காகிதம்கூட அழிந்த காகிதம் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2011-ல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான தார்ப்பா ஒரு போட்டியே வைத்தது. ஐந்து புதிர்கள், மொத்தம் 10,000-க்கும் மேற்பட்ட காகிதத் துணுக்குகள், பரிசு 50,000 டாலர். ஏறக்குறைய 9,000 குழுக்கள் கலந்துகொண்டன. சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒரு குழு, சொந்தமாக எழுதிய கணிப்பொறி நிரலையும் தங்கள் கண்களையும் சேர்த்துப் பயன்படுத்தி 33 நாட்களில் எல்லாவற்றையும் விடுவித்துவிட்டது.

ஆகவே ‘நறுக்கிவிட்டேன்’ என்ற சொல்லுக்கு அளவு தேவைப்பட்டது. அதைத் தந்தவர்கள் ஜெர்மானியர்கள். 2012-ல் வந்த டின் 66399 என்ற தர அளவு, காகிதத் துணுக்குகளை ஏழு படிகளாகப் பிரிக்கிறது. முதற்படியில் அகலமான கீற்று. நான்காம் படியில் ஒரு துணுக்கின் பரப்பு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது. ஏழாம் படியில் 5 சதுர மில்லிமீட்டர்! ஓர் எழுத்துக்கூட முழுதாகத் தேறாது. 2018-ல் இது பன்னாட்டுத் தர அளவாகவும் ஏற்கப்பட்டது. இதனால் ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி ஏற்பட்டது. ‘நன்றாக அழிக்க வேண்டும்’ என்று எழுதினால் நாளை வழக்காடலாம். ‘நான்காம் படி’ என்று எழுதினால் அளந்து பார்த்துவிடலாம்.

குப்பை யாருக்குச் சொந்தம்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். நீங்கள் தெருவில் வைத்த குப்பைப் பையை வேறொருவர் கிளறிப் பார்த்தால் அது குற்றமா? 1984-ல் கலிபோர்னியாவின் லகுனா பீச் என்ற ஊரில், போதைப்பொருள் விற்பதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒருவரின் குப்பைப் பைகளைக் குப்பை எடுப்பவர் மூலமாகவே போலீசார் பெற்றுக் கிளறினார்கள். நீதிமன்ற ஆணை ஏதும் இல்லை. வழக்கு மேலே மேலே போய், 1988-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். தெருவோரத்தில் வைத்த பையை நாய் கிளறலாம், குழந்தை கிளறலாம், வம்பு தேடுகிறவர் கிளறலாம். அதில் அந்தரங்கம் காக்கப்படும் என்று எதிர்பார்க்க இடமில்லை என்று பெரும்பான்மையோர் கூறிவிட்டார்கள். கிரீன்வுட் வழக்கு என்று இதைச் சொல்வார்கள்.

இதன் உட்பொருளை ஒரு வியாபாரி உடனே கண்டுகொள்வார். வெளியே எறிந்த தாளுக்குச் சட்டம் காவல் நிற்காது. அப்படியானால் எறிவதற்கு முன்பே அழித்தாக வேண்டும். எல்லா அலுவலகத்திலும் பெரிய இயந்திரம் வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. எனவே லாரியிலேயே இயந்திரத்தைப் பொருத்தி, வாசலுக்கு வந்து, வாடிக்கையாளர் கண்ணெதிரே நறுக்கித் தருகிறவர்கள் தோன்றினார்கள். 1994-ல் இத்தொழிலைச் செய்வோர் அமெரிக்காவில் தமக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பின் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2003-ல் அமெரிக்கா இயற்றிய கடன் தகவல் சட்டம் ஒன்றின்கீழ், ‘அகற்றல் விதி’ 2005 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளரின் கடன் அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர், அதை வீசும்போது பிறர் படிக்க முடியாதபடி செய்தாக வேண்டும். இந்த விதியின்கீழ் வந்த முதல் வழக்கு இல்லினாய் மாநிலத்தில் வீட்டுக் கடன் வழங்கிய ஒரு நிறுவனத்தின் மீது. மக்களின் கடன் விவரத் தாள்கள் குப்பைத் தொட்டியைச் சுற்றிக் கிடந்தன. 2007-ல் 50,000 டாலர் அபராதம். விதியில் இன்னொரு நுட்பமும் உண்டு. அழிப்பதற்கு வெளியாள் ஒருவரை அமர்த்தலாம். ஆனால் அமர்த்துவதற்கு முன் அவர் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் கொடுத்தால், கொடுத்தவர் மீதே பழி.

அழித்த பின்னும் இருக்கும் தகவல்

காகிதம் இருக்கட்டும். கணிப்பொறியில் ஒரு கோப்பை அழிக்கும்போது என்ன நடக்கிறது? ஒரு பெரிய நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்பதை அட்டைகளில் எழ்தி வைத்திருக்கிறார்கள். ‘இந்தப் புத்தகத்தை நீக்கு’ என்று நீங்கள் சொன்னதும் நூலகர் அட்டையை மட்டும் கிழித்துவிடுகிறார். புத்தகம் அலமாரியிலேயே இருக்கிறது. இடம் தேவைப்பட்டு வேறொரு புத்தகத்தை அங்கே வைக்கும்வரை, நேரே போய்த் தேடுகிறவர் கையில் அது அகப்படும். ஹார்டு டிஸ்க்கில் ‘டெலீட்’ செய்வது பெரும்பாலும் அட்டையைக் கிழிப்பதுதான்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு மாணவர்களான சிம்சன் கார்பிங்கல், அபி ஷெலட் இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2000-க்கும் 2002-க்கும் இடையே பழைய ஹார்டு டிஸ்க்குகளாகத் தேடி 158 வாங்கினார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. முறையாகத் துடைக்கப்பட்டவை வெறும் 12! மற்றவற்றில் 5,000-க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்களும், மருத்துவக் கடிதங்களும், காதல் கடிதங்களும் கிடைத்தன. ஒரு டிஸ்க், வங்கியின் பணம் வழங்கும் இயந்திரத்திலிருந்து கழற்றப்பட்டது என்று தெரிந்தது. அவர்கள் எந்த மாயமும் செய்யவில்லை. கடையில் வாங்கிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்த ஆய்வுக் கட்டுரை 2003-ல் வெளியாயிற்று.

அழிக்க என்ன வழி? பழைய தகவலின் மேல் புதிதாக வேறு ஏதாவது எழுதிவிடலாம். நியூசிலாந்து அறிஞர் பீட்டர் கட்மன் 1996-ல் எழுதிய கட்டுரையில் 35 தடவை மேலெழுதும் முறை ஒன்று இருந்தது. அது அந்தக் காலத்துப் பலவகை டிஸ்க்குகளை எல்லாம் மனத்தில் வைத்துச் சொன்னது. ஒரே டிஸ்க்குக்கு 35-ம் தேவையில்லை. ஆனால் உலகம் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டது. ஏதோ மந்திரத்தை உருப்போடுவது போல மக்கள் இதைச் செய்கிறார்கள் என்று பின்னர் அவரே அலுத்துக்கொண்டார். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், 2006-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலில், 2001-க்குப் பின் வந்த பெரிய டிஸ்க்குகளுக்கு ஒரே தடவை மேலெழுதினாலே சாதாரணத் தேவைக்குப் போதும் என்று கூறிவிட்டது. வலிய காந்தப் புலத்தில் வைத்துக் கலைக்கலாம். உடைத்துத் தூளாக்கலாம். தகவலை முதலிலிருந்தே பூட்டெழுத்தில் வைத்திருந்து, கடைசியில் சாவியை மட்டும் அழித்துவிடலாம்.

காந்தம் இல்லாத புதுவகை எஸ்.எஸ்.டி. நினைவகத்தில் காந்தப் புலம் பலிக்காது. மேலெழுதினாலும், உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு தேய்மானத்தைப் பங்கிடுவதற்காக அதை வேறிடத்தில் எழுதிவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவைக்கும். 2011-ல் கலிபோர்னியாவின் சான் டியேகோ பல்கலைக்கழகத்தார் இத்தகைய 12 நினைவகங்களைச் சோதித்தார்கள். அவற்றுள் ஒன்று ‘அழித்தாயிற்று’ என்று பதில் சொல்லிற்று. திறந்து பார்த்தால் தகவல் அத்தனையும் இருந்தது! இயந்திரம் சொன்னதை நம்பிச் சான்றிதழில் கையெழுத்திட்ட தொழிலாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

லாரியில் ஏறிய பொறுப்பு

இப்போது முதலில் சொன்ன கோடிக்கணக்கான டாலர் கதைக்கு வருவோம். நிறுவனத்தின் பெயர் மார்கன் ஸ்டான்லி. செல்வர்களின் முதலீடுகளைக் கவனித்துக்கொள்ளும் பழைய, பெரிய நிறுவனம். 2016-ல் அது தன் கணிப்பொறி மையங்கள் இரண்டை மூட முடிவு செய்தது. ஆயிரக்கணக்கான சர்வர்களையும் ஹார்டு டிஸ்க்குகளையும் அகற்றும் வேலைக்கு யாரை அமர்த்தினார்கள் தெரியுமா? வீடு மாற்றும்போது சாமான் ஏற்றி இறக்குவார்களே, அத்தகைய சாமான் பெயர்க்கும் நிறுவனம் ஒன்றை. தகவல் அழிப்பில் அதற்கு அனுபவமே கிடையாது.

அந்த நிறுவனம் முதலில் ஒரு கணிப்பொறி நிறுவனத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டது. பிறகு அந்த ஏற்பாடு கைவிடப்பட்டு, பொருள்கள் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. யார் யாருக்குக் கை மாறுகிறது என்பதை மார்கன் ஸ்டான்லி கவனிக்கவில்லை. துடைக்கப்படாத டிஸ்க்குகள் கடைசியில் இணைய ஏலத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 2017-ல் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு கணிப்பொறி ஆலோசகர், ஏலத்தில் வாங்கிய டிஸ்க்கைச் சுழலவிட்டுப் பார்த்தார். உள்ளே வாடிக்கையாளர் விவரம்! அவர் நல்லவர். நிறுவனத்துக்கே எழுதி, இவ்வளவு பெரிய நிதி நிறுவனம் பழைய கருவிகளை அகற்றுவதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டாமா, விற்பவரிடம் அழித்ததற்கு ஆதாரமாவது வாங்கியிருக்க வேண்டாமா என்று இடித்துரைத்தார். கடலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவர் கடைக்காரரிடம் போய்ச் சொன்ன கதைதான்.

2020 அக்டோபரில் வங்கிகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகம் 6 கோடி டாலர் அபராதம் விதித்தது. 2022 செப்டம்பரில் பங்குச் சந்தை ஆணையம் 3 கோடியே 50 லட்சம் டாலர் விதித்தது. ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் வாடிக்கையாளர்களின் விவரம் ஐந்தாண்டுக் காலம் காக்கப்படவில்லை என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. சில டிஸ்க்குகளைத் தேடிப் பிடித்து மீட்டார்கள். பெரும்பாலானவை போன இடம் தெரியவில்லை. வேறொரு சந்தர்ப்பத்தில் கிளைகளிலிருந்து அகற்றிய 42 சர்வர்கள் கணக்கில் காணாமற்போயின. அவற்றில் பூட்டெழுத்து வசதி இருந்தது. பல ஆண்டுகளாக அதை யாரும் இயக்கி வைக்கவில்லை!

சட்டத்தின் பார்வை இதில் தெளிவாகத் தெரிகிறது. பொருளை லாரியில் ஏற்றிவிடலாம். பொறுப்பை ஏற்ற முடியாது. சரி, பொறுப்பு கொடுத்தவரோடு நின்றுவிடுகிறதா? வாங்கி அழிப்பவருக்கு ஒன்றுமில்லையா? உண்டு. அமெரிக்க மருத்துவத் தகவல் சட்டம் 2009-ல் திருத்தப்பட்டு, 2013-ல் அதன் விதிகளும் விரிவாக்கப்பட்டபோது, மருத்துவமனைக்காகக் கோப்புகளைச் சேமிக்கிற, அழிக்கிற வெளி நிறுவனங்களும் நேரடியாகச் சட்டத்தின் பிடிக்குள் வந்தன. இல்லினாயில் பைல்பாக்ஸ் என்ற நிறுவனம் மருத்துவக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் தொழில் செய்துவந்தது. 2015 பிப்ரவரியில் ஒருவர் அங்கிருந்து கிடைத்த நோயாளிகளின் கோப்புகளைப் பழைய காகிதமாக எடைக்குப் போட, நறுக்கும் ஆலை ஒன்றுக்குக் கொண்டுபோனார். 2,150 நோயாளிகளின் விவரங்கள் அதில் இருந்தன. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே நிறுவனம் கடையைக் கட்டிவிட்டது. விட்டார்களா? இல்லை. அதன் சொத்துகளை நிர்வகிக்க வந்தவர் 2018-ல் 1,00,000 டாலர் கட்டவும், எஞ்சிய கோப்புகளை முறைப்படி அகற்றவும் வேண்டியதாயிற்று.

அழித்ததே குற்றமான கதை

இதுவரை நாம் கண்டதெல்லாம் சரியாக அழிக்காததன் விளைவு. மறுபக்கம் ஒன்று உண்டு. என் கருத்தில் இத்தொழிலின் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்தவர்கள் ஆர்தர் ஆண்டர்சன் என்ற புகழ்பெற்ற தணிக்கை நிறுவனத்தார். 2001 அக்டோபரில் என்ரானின் பொய்க் கணக்கு வெளிப்படத் தொடங்கிற்று. அரசு விசாரணை வருகிறது என்று தெரிந்த நேரத்தில், ஆண்டர்சனின் ஊழியர்களுக்கு ஒரு நினைவூட்டல் போயிற்று: தேவையற்ற தாள்களை அகற்றுவது பற்றிய நிறுவனத்தின் விதியைக் கடைப்பிடியுங்கள். எவ்வளவு அப்பாவித்தனமான வாக்கியம்! ஹூஸ்டன் அலுவலகத்தில் நறுக்கும் இயந்திரங்கள் ஓயாமல் ஓடின. நவம்பர் தொடக்கத்தில் ஆணையத்தின் அழைப்பாணை கைக்கு வந்த பிறகே அவை நின்றன.

2002 ஜூனில் நடுவர் குழு ஆண்டர்சனைக் குற்றவாளி என்றது. அமெரிக்காவில் மட்டும் 28,000 பேர் வேலை செய்த நிறுவனம் சரிந்துபோயிற்று. மூன்றாண்டு கழித்து, 2005 மே 31-ல், உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. தாள்களை உரிய காலத்தில் அகற்றும் வழக்கம் தன்னளவில் தவறன்று. தவறு செய்கிறோம் என்ற உணர்வோடு செய்தார்களா என்பதைப் பார்க்கும்படி நடுவர்களுக்குச் சரியாக எடுத்துரைக்கவில்லை என்பது காரணம். நியாயம் கிடைத்தது, ஆனால் அதைப் பெற்றுக்கொள்ள நிறுவனத்தில் சுமார் 200 பேரே மிஞ்சியிருந்தார்கள்.

இதற்கிடையே 2002 ஜூலையில் அமெரிக்கா புதிய சட்டம் ஒன்று செய்துவிட்டது. அரசு விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தோடு, அந்த விசாரணை தொடங்குவதற்கு முன்பே, அது வரக்கூடும் என்று எண்ணி ஆவணத்தை அழித்தாலும் 20 ஆண்டு வரை சிறை. சட்டத்தில் ‘ஆவணம்’ என்பதோடு ‘தொட்டறியக்கூடிய பொருள்’ என்றும் எழுதியிருந்தார்கள். அதனால் ஒரு வேடிக்கை நேர்ந்தது. 2007-ல் புளோரிடா மீனவர் ஒருவர் பிடிக்கக் கூடாத சிறிய களவா மீன்களைப் பிடித்துவிட்டார். அதிகாரி அளந்துவிட்டுப் போனதும், அவற்றைக் கடலில் எறியச் செய்து வேறு மீன்களை வைத்தார் என்பது வழக்கு. மீனும் தொட்டறியக்கூடிய பொருள்தானே என்று இந்தச் சட்டத்தின்கீழேயே தண்டித்தார்கள். 2015-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ‘மீன் இதில் சேராது’ என்றது. தகவலைப் பதிந்தோ காத்தோ வைக்கும் பொருளையே இச்சட்டம் குறிக்கிறது என்று விளக்கம் தந்தது. மீன் தப்பிற்று. ஹார்டு டிஸ்க் தப்பவில்லை!

நம் நாட்டில்

நம் சட்டத்துக்கு இந்தக் கருத்து புதிதன்று. நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட வேண்டிய ஆவணத்தை மறைப்பதும் அழிப்பதும் 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், 204-ஆம் பிரிவிலேயே குற்றம். 2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது மின்னணு ஆவணமும் அதனுடன் சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 241-ஆம் பிரிவு. சிறை இரண்டாண்டு என்றிருந்தது மூன்றாண்டு வரை என்று உயர்ந்திருக்கிறது. கம்பெனிகள் தங்கள் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் காக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம்.

இன்னொரு பக்கம், 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகத் தகவலைப் பெற்றார்களோ அந்தக் காரியம் முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும் என்கிறது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றி! வெளியாளிடம் வேலையைக் கொடுத்தால் முறையான ஒப்பந்தம் இருக்க வேண்டும். அப்படிக் கொடுத்த பிறகும் பொறுப்பு கொடுத்தவருடையதே. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; பெரும்பாலான கடமைகளுக்கு அன்றிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. தூளாக்கிய ஹார்டு டிஸ்க்கையும் காயலான் கடையில் போட்டுவிட இயலாது. மின்னணுக் கழிவை முறைப்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டு விதி.

உங்களில் யாரேனும் நாளை இத்தொழிலைத் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணி. ஒருவர் காரில் நான்கு பெட்டிகளும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளும் கொண்டுவருகிறார். “இன்றைக்கே தூளாக்கிவிடுங்கள், பணம் பற்றிக் கவலை வேண்டாம்” என்கிறார். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது பணத்தை அன்று. இவை யாருடையவை, அழிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டா, வைத்திருக்க வேண்டிய காலம் கடந்துவிட்டதா, இவை தொடர்பாக வழக்கோ விசாரணையோ இருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கையெழுத்தும் பெற வேண்டும். டிஸ்க்கின் வரிசை எண்ணை அவர் எதிரிலேயே குறிக்க வேண்டும். பெட்டி எந்த நேரத்தில் யார் கைக்கு வந்தது, எங்கே பூட்டி வைக்கப்பட்டது, எந்த முறையில், எந்த அளவுக்கு நறுக்கப்பட்டது, யார் உடனிருந்தார் என்பதெல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். நீங்கள் தரும் சான்றிதழில் இந்த எண்களும் நேரங்களும் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. ‘அழிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கும் சான்றிதழ், மார்கன் ஸ்டான்லி கதையில் வரும் லாரிக்காரரின் ரசீதைவிட மேலானதன்று. உங்கள் வேலையாட்கள் பெட்டிக்குள் இருப்பதைப் படிக்கக் கூடாது. அதற்கும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் கேட்ட பிறகு, அவர் முகம் சற்று மாறுகிறது. “வழக்கு ஒன்று வரலாம் என்றுதான் இதை…” என்று இழுக்கிறார். அந்தக் கணத்திலிருந்து உங்களுக்கும் அது தெரியும். பெட்டிகளைத் திருப்பிக் காரில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். வந்த நேரத்தையும் போன நேரத்தையும் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.